நடந்தே வந்த பிள்ளை

எங்கள் வார்டுக்கு வரும் குழந்தைகள் பெரும்பாலும் யாராவது ஒருவர் கையில்தான் வருவார்கள். அப்பாவின் தோளில் துவண்டு கிடப்பார்கள், இல்லையென்றால் ஸ்ட்ரெச்சரில் மூக்கில் குழாயோடு வருவார்கள். அவள் நடந்தே வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, இரண்டு பக்கமும் மடித்துக் கட்டிய சடை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வந்தவள், என்னைப் பார்த்து, "செருப்ப எங்க விடணும்?" என்று கேட்டாள். வயது ஏழு.

நான் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அப்போது அங்கே சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நிறையப் பிள்ளைகள் பிழைத்து வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. இவள் முகம் இருக்கிறது.

பாபநாசத்திலிருந்து உள்ளே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி அவர்கள் ஊர். குறுவை அறுத்து முடித்து, சம்பா நடவுக்கு வயலைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம். அவள் அப்பா வரப்புப் புல்லுக்கு அடிக்கப் பக்கத்து வயல்காரரிடமிருந்து களைக்கொல்லி கொஞ்சம் வாங்கி, ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாள் காலையில் அடிக்க வேண்டும் என்று கொல்லைப்புறம் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தாகத்தில் அதை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டது.

"நாறுச்சு சிஸ்டர். அதான் துப்பிட்டேன்" என்று என்னிடம் அவளே சொன்னாள். "கொஞ்சம்தான் உள்ள போச்சு."

பாபநாசம் ஆஸ்பத்திரியிலேயே வாந்தி எடுக்க விடாமல், விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்துக் கொடுத்து, உடனே தஞ்சாவூருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கரியில் பற்களெல்லாம் கறுப்பாக இருந்தன. அதைத் தவிர அவளிடம் ஒரு கோளாறும் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கையில் ஊசி ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாளே தவிர அழவில்லை.

நானும் வயல்காட்டில் வளர்ந்தவள்தான். ஒரத்தநாட்டுப் பக்கம். என் அப்பா முதுகில் ஸ்பிரேயர் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்களில் வயலுக்கு அடிப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர், ஆஸ்பத்திரியில் கொடுப்பதற்கும் மருந்து என்றுதான் பெயர். "மருந்து குடிச்சிட்டா" என்று அவள் அம்மா சொன்னதும் எந்த மருந்து என்று கேட்டேன். பெயரைச் சொன்னார்கள். அந்தக் களைக்கொல்லிக்கு மாற்று மருந்து கிடையாது. குடித்தவர்கள் முதல் சில நாள் நன்றாகவே இருப்பார்கள். பேசுவார்கள், சாப்பிடுவார்கள். அதற்குள் அது சிறுநீரகத்துக்குப் போய், அப்புறம் நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும். கடைசி வரைக்கும் நினைவு தப்பாது. அதுதான் அந்த விஷத்தில் பெரிய கொடுமை.

எங்கள் டாக்டரம்மா நேராகப் பேசுகிறவர். மறுநாள் காலையில் அவள் அப்பா அம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் கூட நின்றேன்.

"இப்ப நல்லாத்தான் இருக்கா. இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு நல்லாத்தான் இருப்பா. ஆனா ரத்தத்துல அந்த மருந்து நிறைய கலந்திருக்கு. நாங்க முடிஞ்சத எல்லாம் செய்யுறோம். பொழைக்கறது ரொம்பக் கஷ்டம்."

அம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். "இட்லி கேட்டா டாக்டர். ரெண்டு இட்லி சாப்டா" என்றார்.

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் பெற்றவர்களில் ஒருவர்தான் எந்நேரமும் பக்கத்தில் இருக்கலாம். மற்றவர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வரலாம். உள்ளே வருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எல்லாரும் ஒரு தடவை கழுவுவார்கள். அவர் கழுவிக்கொண்டே இருப்பார். முழங்கை வரைக்கும் தேய்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகருவார். உள்ளே வந்தாலும் கட்டிலின் கால்மாட்டில் நிற்பாரே தவிர பிள்ளையைத் தொட மாட்டார். மூன்றாம் நாள் பார்த்தபோது விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"கை சுத்தமாத்தாங்க இருக்கு. தொடுங்க. கேக்குறா பாருங்க" என்றேன்.

"இல்லம்மா. மருந்து பட்ட கை" என்றார்.

அம்மா அவரோடு பேசவே இல்லை. அவர் உள்ளே வந்தால் இவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். நடுவில் பிள்ளைதான் இரண்டு பேரோடும் பேசிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாளுக்குள் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. நாக்கு வெந்துபோன மாதிரி இருந்தது. மரத்துப்போகும் மருந்தைத் தடவிவிட்டு, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி உதட்டில் வைப்பேன். பேசினால் வலிக்கும். ஆனாலும் பேசுவாள். அவர்கள் வீட்டுப் பசு சினையாக இருந்தது. கன்று போட்டுவிட்டதா என்பதுதான் அவளுக்கு முக்கியமான கவலை. அப்பா வரும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான்.

ஐந்தாம் நாள் மாலையில் அவர் கால்மாட்டில் நின்றுகொண்டு, "போட்டுடுச்சு பாப்பா. கெடேரிக் கன்னு" என்றார்.

"என்ன கலரு?"

"செவலை. நெத்தியில வெள்ளை."

"காட்டுங்க."

வார்டுக்குள் செல்போன் கூடாது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் தலைமாட்டுக்கு வந்து போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கன்று எழுந்து நிற்க முயன்று முயன்று விழும் வீடியோ. அவள் சிரித்தாள். சிரித்ததில் உதட்டுப் புண் பிளந்து ரத்தம் வந்தது. போனை அவள் தன் கையில் வாங்கிக்கொள்ள, அவர் விரலும் அவள் விரலும் பட்டுக்கொண்டன. அவர் கையை இழுக்கவில்லை. அம்மா ஜன்னலிலிருந்து திரும்பி அவர்களைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

அன்று அம்மா என்னிடம் கேட்டார்: "தேறிடுவாள்ல சிஸ்டர்?"

டாக்டரம்மா சொன்னதையே நானும் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் சிறுநீரகம் ஏற்கெனவே சரியாக வேலை செய்யாமல், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தோம். எனக்கு எல்லாம் தெரியும். "சாமிய வேண்டிக்குங்க" என்றேன். அது பதிலே இல்லை. ஆனால் அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆறாம் நாள் காலையில் நான் டியூட்டிக்கு வந்தபோது அவள் படுக்காமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, கழுத்துக்குழி உள்வாங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் ஆக்சிஜன் அளவு இறங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் நிமோனியாவோடு ஒரு கைக்குழந்தை. அதன் மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதைக் காட்டி, "எனக்கும் அத வைங்க சிஸ்டர்" என்றாள்.

மூச்சுத் திணறும் பிள்ளைக்கு ஆக்சிஜன் வைப்பது நாங்கள் முதலில் படிக்கும் பாடம். கை தானாகப் போகும். ஆனால் இந்த விஷத்துக்கு ஆக்சிஜனும் தீனி. கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெட்டுப்போகும். அளவு ரொம்பக் கீழே இறங்கும் வரை கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"கொஞ்ச நேரம் கழிச்சு வைக்கிறேன்டா கண்ணு" என்றேன்.

"இப்ப வைங்க."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சிஸ்டர் வைக்க மாட்டேங்கிறீங்க? அந்தப் புள்ளைக்கு வெச்சிருக்கீங்கல்ல?"

உட்கார வைத்து விளக்கினேன். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது, ஆக்சிஜன் ஏன் அதைத் தூண்டிவிடும், எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். முடித்ததும், "போலீஸ் கேசுன்னா வைக்க மாட்டீங்களா?" என்றார். விஷம் குடித்த கேஸ் என்பதால் சேர்த்த அன்றே போலீசுக்குத் தகவல் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். டாக்டரம்மாவும் வந்து சொன்னார். பெற்ற பிள்ளை கண்ணெதிரே காற்றுக்குத் தவிக்கும்போது, காற்றே கெடுதல் என்று யாராவது சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நர்சுகள் ஓய்வறையில் ஒரு சின்ன டேபிள் ஃபேன் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, முகத்தில் காற்று படும்படி திருப்பிவிட்டேன். முகத்தில் காற்று பட்டால் மூச்சுத்திணறல் கொஞ்சம் குறைந்தது போல இருக்கும். அதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள். "நல்லாருக்கா?" என்றேன். தலையாட்டினாள். மின்சாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, இங்கே இதெல்லாம் மாட்டக் கூடாது என்றார். அவளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

இரண்டு நாள் அந்த ஃபேன் ஓடியது. அந்த இரண்டு நாளும் என்னால் முடிந்தவை இவ்வளவுதான்: தலையணையை உயர்த்தி வைப்பது, முன்னால் சாய்ந்துகொள்ள இன்னொரு தலையணையை மடியில் கொடுப்பது, உதட்டை ஈரமாக்குவது, அரைமணிக்கு ஒருமுறை முதுகைத் தடவுவது. வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கும் காற்று ஏதோ திருட்டுப் பொருள் மாதிரி இருக்கும். ஷட்டரை இறக்கிவிடுவேன்.

எட்டாம் நாள் காலையில் டாக்டரம்மா மறுபடி இருவரையும் கூப்பிட்டார்.

"இனிமே நாங்க அந்த விஷத்தோட சண்ட போட வேணாம்னு நெனைக்கிறேன். மூச்சு மெஷின் வெச்சாலும் திரும்பி வர மாட்டா. இப்ப அவளுக்கு வலியும் திணறலும் இல்லாம பாத்துக்கறதுதான் முக்கியம். ஆக்சிஜன் வெச்சுடலாம். தூக்கம் வர மாதிரி ஒரு ஊசியும் போடலாம்."

அப்பா கும்பிட்டார். "செய்ங்கம்மா" என்றார். அம்மா, "இன்னைக்கு வெக்கிறத அன்னைக்கே வெச்சிருந்தா பொழைச்சிருப்பா" என்றார். குரலை உயர்த்தவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நான்தான் மாஸ்க்கை மாட்டினேன். மார்ஃபின் சொட்டுச் சொட்டாக ஏற ஆரம்பித்ததும் அவள் தோள்கள் தளர்ந்தன. இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சாய்ந்து படுத்தாள். "பாத்தீங்களா, நல்லாயிட்டா" என்றார் அம்மா.

மறுநாள் ஒன்பதாவது நாள். அப்பாவை வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். காலையிலேயே போயிருந்தார். அம்மா இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. எழுந்து நின்றால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் நிலைமை. பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாடியைப் பார்த்தேன். கிளிப்பில் இருந்த எண்ணைப் பார்த்தேன். இன்று சாயந்திரம் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன். எட்டு வருட அனுபவம் போட்ட கணக்கு.

"கீழ போயி ரெண்டு வாய் சாப்டு வாங்க. நீங்க விழுந்துட்டா அவள யாரு பாப்பா?"

"வேணாம் சிஸ்டர்."

"நான் பக்கத்துலயே இருக்கேன். இந்த ஸ்டூல விட்டு எழுந்திரிக்க மாட்டேன். பத்து நிமிஷம்."

அவர் போக மனமில்லாமல் நின்றார். நான் தோளைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை தயிர்சாதம் வைத்துக்கொண்டு கீழே மரத்தடியில் காத்திருந்தாள்.

நான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பிள்ளை கண்ணைத் திறந்தாள். தெளிவாகத்தான் பார்த்தாள். மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள். நான் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினேன்.

"அம்மா எங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்கடா. இதோ வந்துருவாங்க."

"சரி" என்றாள்.

கண்ணை மூடினாள். அடுத்த மூச்சு வர நேரமானது. அதற்கடுத்தது இன்னும் நேரமானது. நான் ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "கீழ ஓடு, அந்த அம்மாவ கூட்டிட்டு வா" என்று கத்தினேன். பிள்ளையின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். மறு கையால் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அம்மா வர்றாங்க, அம்மா வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக ஒரு மூச்சு இழுத்தாள். வெளியே விட்டாள். அவ்வளவுதான்.

அம்மா மாடிப்படி ஏறி ஓடி வந்தார். அவர் வலது கை விரலெல்லாம் தயிர்சாதம். கழுவக்கூட நேரமில்லாமல் எழுந்து வந்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தவர் அந்தக் கையால் பிள்ளையைத் தொடவா வேண்டாமா என்று தெரியாமல், கையை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். நான் ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டேன். அப்புறம்தான் அவர் அழ ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவருமாக அவளைத் துடைத்துவிட்டோம். வாய்ப்புண்ணின் காய்ந்த ரத்தத்தையெல்லாம் நான் எடுத்தேன். அம்மா தலையைச் சீவி, வந்த அன்று இருந்தது போலவே இரண்டு சடை போட்டார். போட்டு முடித்துவிட்டு என்னிடம், "அறுக்காம குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர். ஒங்க கால்ல விழுறேன்" என்றார். விஷம் குடித்த கேஸில் பிரேதப் பரிசோதனை செய்யாமல் கொடுக்க மாட்டார்கள். அது என் கையில் இல்லை, டாக்டரம்மா கையிலும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் என் காலை விடவில்லை.

பிணவறை வரை நான் கூடப் போனேன். அங்கே வேலை செய்கிறவரிடம், "சின்னப் புள்ளண்ணே. பாத்துச் செய்ங்க. சடைய அவுக்காதீங்க" என்றேன். "எல்லாத்தையும் பாத்துத்தாம்மா செய்றோம்" என்றார் அவர். அலுப்பாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா தெரியவில்லை. அப்பா ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கேதான் வந்தார். சுவரைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்தார். அவர் மனைவி அவரைத் தாண்டிப் போனார். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு நான் எந்த அம்மாவையும் சாப்பிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பியதில்லை. சாப்பாட்டை உள்ளே கொண்டுவந்து, திரையை இழுத்துவிட்டு, கட்டிலோரமாகவே சாப்பிடச் சொல்கிறேன். வார்டு சட்டப்படி அது தப்பு. தலைமை நர்ஸ் இரண்டு தடவை கண்டித்திருக்கிறார். இதனால் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. அன்று ஒரு பத்து நிமிடம் கழித்து அனுப்பியிருந்தாலும், அனுப்பாமலே இருந்திருந்தாலும், பிள்ளை பிழைத்திருக்கப் போவதில்லை. ஆனால் அம்மா எங்கே என்று கேட்டிருக்க மாட்டாள்.

தை பிறந்து சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம் அந்த அம்மா மறுபடி வந்தார். ஏதோ ஒரு சான்றிதழுக்காகக் கீழே ஆபீசுக்கு வந்தவர், மாடியேறி வார்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பாபநாசத்தில் தன் அம்மா வீட்டோடு இருப்பதாகச் சொன்னார். புருஷன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாராம். "வயக்காட்டுப் பக்கமே போக மாட்டேங்கிறாரு" என்றார். பேசிக்கொள்கிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் கேட்டார்: "கடைசியா ஏதாவது சொன்னாளா சிஸ்டர்?"

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லச் சொல்லித்தான் எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை அவர் கேட்டதற்குப் பதில் மாதிரி எதையோ சொல்லி அனுப்பியவள் நான். இந்தத் தடவை முடியவில்லை.

"அம்மா எங்கன்னு கேட்டா. சாப்பிடப் போயிருக்காங்கன்னு சொன்னேன். சரின்னா."

அவர் முகம் மாறவே இல்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுதான் போனாளா?"

அது என்ன கேள்வி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. என்னைத் திட்டினாரா, தன்னையே திட்டிக்கொண்டாரா, இல்லை அதில் அவருக்குக் கொஞ்சமாவது ஆறுதல் இருந்ததா? "மன்னிச்சிருங்க. நான்தான் ஒங்கள அனுப்புனேன்" என்றேன். அதைச் சொல்லத்தான் அத்தனை மாதமும் காத்திருந்தேன் போல. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. உள்ளே ஒரு குழந்தையின் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நான் போக வேண்டியிருந்தது.

"பாபநாசம் பஸ்ஸு எந்தப் பக்கம் சிஸ்டர் நிக்கும்?" என்று கேட்டார்.

கையை நீட்டிக் காட்டினேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.